அத்திமரத்துக்கு வெட்டிய குழி

1961 செப்டம்பர் 18, திங்கள்

இன்று ஊறுகாய்ப் புட்டியைப் படித்தேன். ‘திறந்த பின் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். எழுபத்தொரு வயது வரை எழுத்துத் தெரியாமல் இருந்தேன். அதற்குள் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது, தெரிந்தவர்கள் கூடிப் பேசி என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியவர்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் நடத்தும் வகுப்பில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தாயிற்று. இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன். நன்றாகக் குலுக்கவும். இந்தப் பக்கம் மேலே. கதவை இழுக்கவும். இதற்கா இத்தனை அலட்டல்?

ஆனாலும் சந்தோஷம். பொய் சொல்வானேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு குழாய்ப் புகையிலை தீர்ந்துவிட்டது. மருமகள் லொரெய்ன் எட்டிப் பார்த்து, என்ன மாமா எழுதுகிறீர்கள் என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். போய்விட்டாள்.

செப்டம்பர் 23, சனி

சனிக்கிழமை. தெரு முழுக்கப் புல் வெட்டுகிறார்கள். முப்பது வீடு, முப்பது இயந்திரம், ஒரு மாடு கிடையாது. புல்லுக்கு உரம் போடுகிறார்கள், தண்ணீர் விடுகிறார்கள், வளர்ந்துவிட்டதே என்று கோபப்பட்டு வெட்டுகிறார்கள். வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறார்கள். என் மகன் நுன்சியோவும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுகிறான். கடல் தாண்டி வந்த இந்த நாட்டில் அவன் பெயர் நிக். என் பெயர் சாம். சவேரியோ என்று சொல்ல இவர்களுக்கு வாய் வலிக்கிறதாம்.

முனையில் இருக்கும் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்து வருஷம் குடியிருந்த தெருவின் பெயர் இன்றுதான் தெரிந்தது. பழத்தோப்புத் தெரு. இருந்த தோப்பை வெட்டிவிட்டு வீடு கட்டி, பெயரை மட்டும் கம்பத்தில் நட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரி மிஸஸ் ஹேகன், பதினாலாம் எண், குப்பைத்தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். ஒவ்வொரு செவ்வாயும். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தரை உறிஞ்சும் இயந்திரத்தைப் போட்டுவிடுகிறாள். தட்டுத் துடைக்கும் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். புருஷன் தையல் இயந்திரம் விற்க ஊர் ஊராகப் போகிறான். நான் என்றால் திரும்பி வரவே மாட்டேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். லொரெய்ன் படித்துவிட்டு மடித்து வைத்தாள். மின்சாரக் கட்டணம் என்றாள். என்னிடமா இந்தக் கதை? மேசையிலிருந்து எடுத்து நானே படித்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று, பரவாயில்லை.

வீட்டின் பக்கவாட்டில் நிற்கும் என் அத்திமரம் சாலைக்குத் தெரிகிறதாம். சாலைக்குத் தெரியும்படி காய்கனி வளர்க்கக் கூடாது என்பது எட்டாவது விதியாம். டிசம்பர் நான்காம் தேதிக் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்வார்களாம். கீழே சங்கத் தலைவர் டில்லிங்ஹாமின் கையெழுத்து. என் கையெழுத்து அதைவிட நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் லொரெய்ன் மெல்ல ஆரம்பித்தாள். மரத்துக்காகத் தெருவோடு சண்டை போட வேண்டாம். நூவர்க் நகரத்தில் என் பெரிய மகன் பஸ்குவாலே வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது, அங்கே நம் ஊர்க்காரர்கள் நிறைய, எனக்கும் பொழுது போகும். மூன்றாம் மாடி அறை அது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். மகன் கறியை வெட்டிக்கொண்டே இருந்தான்.

இந்தத் தெருவை எனக்குப் பிடிக்காது. ஆனால் காலுக்குக் கீழே மண் இங்கேதான் இருக்கிறது. மரம் போனால் அடுத்தது நான். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 14, சனி

இன்று குழி தொடங்கினேன். தெரியாதவனுக்குச் சொல்வது போல எழுதிப் பழகு என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருக்கிறார். சொல்கிறேன். இந்த ஊர்க் குளிருக்கு அத்தி நின்றபடி தாங்காது. இலை உதிர்ந்ததும் ஒரு பக்கத்து வேரை அறுத்து, கிளைகளைக் கயிற்றால் கட்டி, மரத்தை அப்படியே சாய்த்துக் குழியில் படுக்க வைக்க வேண்டும். மேலே பலகை, பழைய கம்பளம், மண். ஏப்ரலில் எழுப்ப வேண்டும். நூவர்க்கில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். இங்கே நான் ஒருவன்தான். போன வருஷம் வரை மரம் சின்னது, சாக்குச் சுற்றினாலே போதும். இப்போது ஒன்பதடி.

கூட்டம் எப்படியும் முடிவு செய்யட்டும். குளிர் கூட்டத்துக்குக் காத்திருக்காது.

பத்தடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். மணல் மண், சரியும். அதனால் இரண்டு பக்கமும் பலகை அடித்து, குறுக்கே கட்டை கொடுக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் நகரத்துக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியவன். ஆட்டுக்குட்டியைப் புதைக்கச் சொன்னாலும் கட்டை கொடுத்துத்தான் தோண்டுவேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

டில்லிங்ஹாம் வந்தார். விதிப் புத்தகத்தோடு வருகிறார் என்று மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அவர் கையில் ஆப்பிள் பணியாரம். குழியைச் சுற்றி நடந்தார், குறுக்குக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். உங்களை இத்தனை நாள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணியாரத்தில் உப்பே போடவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

பதினோராம் எண் பிரூயிட்டின் மனைவி வந்தாள். மீன் போட்டு, நூடுல்ஸ் போட்டு, அதன் தலையில் உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கிப் போட்ட ஒரு பதார்த்தம். என் குடும்பப் பெயரைச் சொல்லி மிஸ்டர் மக்ரீ என்று கூப்பிட்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. இவர்களுக்கு என்ன ஆயிற்று?

அக்டோபர் 21, சனி

புரிந்துவிட்டது. முடி வெட்டும் கடையில் ஒரு பத்திரிகை. நடுப்பக்கத்தில் ஒரு குழியின் படம். என் குழி. பலகை, குறுக்குக் கட்டை, எல்லாம் அப்படியே. கீழே இருந்ததை முழுதும் படித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரன் இரண்டு பேரை எனக்கு முன்னால் அனுப்பிவிட்டான். ரஷ்யாக்காரன் அணுகுண்டு போட்டால் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள, வீட்டுத் தோட்டத்தில் நீங்களே தோண்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் கோடையிலிருந்து இதே பேச்சுத்தானே.

சுரங்கம் தோண்டியவன், முன்கூட்டியே எதையோ தெரிந்துகொண்டு தோண்டுகிறான் என்று நினைக்கிறார்கள். ஆளுக்கொரு பெரிய கார். அதில் ஒருவனாவது என்ன தோண்டுகிறாய் என்று நேராகக் கேட்டானா? கேட்டால் மரியாதை இல்லையாம்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் கதவைச் சாத்தினான்.

“அப்பா, நீங்களா எதுவும் சொல்லாதீங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் சொல்லச் சொல்லல. வாயத் திறக்காதீங்கன்றேன். மரத்து விஷயத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாம்னு டில்லிங்ஹாம் இன்னிக்கு என்கிட்ட சொன்னாரு.”

பேசாமலே இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. எழுத ஒரு நோட்டு இருக்கிறதே.

அக்டோபர் 28, சனி

பதார்த்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பச்சை நிறத்தில் ஆடும் ஒரு கூழ். அதற்குள் டப்பாப் பழமும் காரட்டும் மிதக்கின்றன. இதைச் சாலட் என்கிறார்கள். லொரெய்னைச் சீட்டாட்டக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக நூவர்க் என்ற பேச்சையே காணோம். காப்பியில் எனக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை போடுகிறாள்.

கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. ஆளுக்கொரு விண்ணப்பம். பிரூயிட் குடிகாரன், அவனைச் சேர்க்காதீர்கள் என்று கெஸ்லர். கெஸ்லருக்கு நாலு பிள்ளைகள், இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துவிடுவார்கள் என்று பிரூயிட். தனக்கு இடம் கேட்கிறவர்கள் குறைவு. அடுத்தவனுக்கு வேண்டாம் என்கிறவர்களே அதிகம். எல்லாப் பெயரையும் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று அவர்கள் முன்னாலேயே எழுதினேன். எழுத்து அழகாக வருகிறது, பெரிய எழுத்து எல்லாம் நேராக நிற்கின்றன. பெயரைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

டில்லிங்ஹாம் இன்று தனியாக வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“வாசல்ல ஒரு துப்பாக்கி வெச்சுக்கறது நல்லது, மிஸ்டர் மக்ரீ.”

“ரஷ்யாக்காரன் இங்க நடந்தா வரப்போறான்?”

“அவனுக்கு இல்லீங்க.” தெருவை ஒரு தடவை பார்த்தார். “இவங்களுக்கு.”

இந்த மனிதர்தான் கிறிஸ்துமஸுக்கு எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே நிறத்தில் விளக்குப் போட வேண்டும், அதுதான் ஒற்றுமை என்று கடிதம் அனுப்பியவர். அந்தக் கடிதத்தையும் நான் படித்திருக்கிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பதினாலாம் எண் மிஸஸ் ஹேகன் வந்தாள். கையில் தட்டு இல்லை. அளக்கும் நாடா இருந்தது.

அவளுக்குக் கரோல் என்று ஒன்பது வயதில் ஒரு பெண். இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலுக்கும் இரும்புச் சட்டம். உள்ளே இறங்க ஏணியா, படியா என்று கேட்டாள். ஏணி என்றால் கரோலால் முடியாது. படி என்றாலும் உயரம் குறைவாக இருக்க வேண்டும். இரும்போடு சேர்த்து எழுபது பவுண்டு இருக்கிறாள், என்னால் தூக்க முடியும், நான் கடைக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் நீங்கள் தூக்குவீர்களா என்றாள். முதுகில் தூக்கினால் பயப்படுவாள், முன்பக்கமாகத் தூக்க வேண்டும்.

இவள் யாரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பென்சில்கூட எடுத்துவிட்டேன்.

“எனக்கு இடம் வேண்டாங்க. அவள உள்ள விட்டுட்டு நான் மேல இருந்து மூடிடுவேன். யாராவது மூடணும்ல.”

படி வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சவேரியோ, என்னடா சொன்ன அவகிட்ட? என்ன படி? எதுக்குப் படி?

நவம்பர் 6, திங்கள்

ஒன்றும் எழுத வரவில்லை. புட்டிகூடப் படிக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

பள்ளி விட்டு வந்ததும் அவள் கரோலுக்குப் பழக்கம் கொடுக்கிறாள். அவர்கள் அடுக்களைக் கதவிலிருந்து என் குழி விளிம்பு வரை. புல்லின் மேல் இரும்புக் கால் புதைகிறது. இரண்டு நிமிஷம் பத்து விநாடி. திரும்பப் போய், இன்னொரு தரம். மூன்றாவது தரம் அந்தப் பெண் விழுந்தாள். தானே எழுந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, “நாளைக்கு ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துடுவேன்” என்றாள்.

பிரூயிட்டை ஏமாற்றினால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது. இது இறங்க மாட்டேன் என்கிறது. சொன்னால் மரம் போகும். நூவர்க், மூன்றாம் மாடி. சொல்லாவிட்டால்?

நவம்பர் 11, சனி

சொல்லிவிட்டேன். மிஸஸ் ஹேகன் வீட்டு அடுக்களைக் கதவைத் தட்டி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன்.

“மரமா?” என்றாள். ஆமாம் என்றேன். “மரத்த எதுக்குங்க புதைக்கணும்?” சொன்னேன். கடைசி வரை கேட்டாள். மறுபடியும் “மரமா” என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கோடையில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல மிஸ்டர் மக்ரீ. தூக்கம் வராததாலதான் விடியறதுக்குள்ள வீடு கூட்டறேன். இந்த ஒரு வாரந்தான் தூங்கினேன்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டு தடவை சுரங்கம் என் மேல் சரிந்திருக்கிறது. இன்று மாதிரி இல்லை. இனி அவள் ஊருக்கெல்லாம் சொல்வாள். சொல்லட்டும். எனக்கு அது வேண்டியதுதான்.

நவம்பர் 12, ஞாயிறு

ஐந்து மணிக்கு அவள் இயந்திரச் சத்தம்.

நவம்பர் 18, சனி

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் பச்சைக் கூழ் ஒன்று வந்தது.

நவம்பர் 25, சனி

இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது. மகனிடம் இன்றைக்குப் படுக்க வைக்கிறேன் என்றேன். கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, முடிந்த பிறகு செய்யக் கூடாதா, தெரு முழுக்கப் பார்க்குமே என்றான். நேற்றே உறைபனி விழுந்துவிட்டது, இனி மரத்துக்குப் பொறுக்காது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றேன். போய்க் கையுறை எடுத்து வந்தான். என் மகன்தான், நிக் இல்லை.

வேரை அறுத்தேன். கயிறு கட்டி இழுத்தோம். மரம் பாதி சாய்ந்து நின்றுவிட்டது. இரண்டு பேர் பலம் போதவில்லை. விட்டால் திரும்ப நிமிரும், மீதி வேரும் அறுந்துவிடும். தெருவில் எல்லா வீட்டுத் திரையும் விரல் அளவு விலகியிருக்கிறது. குழிக்குள் என்ன இறங்குகிறது என்று அவர்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒருவன்கூட வெளியே வரவில்லை.

பதினாலாம் எண் கதவு திறந்தது. புருஷனுடைய பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். மூன்று பேரும் இழுத்தோம். மரம் முனகிக்கொண்டே போய்ப் படுத்தது.

ஏன் வந்தாய் என்று கேட்டேன். கையுறையைக் கழற்றினாள்.

“ஏதோ ஒண்ணாவது உள்ள போகட்டும்.”

பலகை போட்டு, கம்பளம் போட்டு, மண் மூடினோம். முடித்து அரைமணி நேரம் ஆகவில்லை, பிரூயிட்டின் மனைவி அழைப்பு மணியை அடித்தாள். அவளுடைய கண்ணாடித் தட்டு வேண்டுமாம். அடுத்து கெஸ்லர் மனைவி. இருட்டுவதற்குள் ஏழு தட்டுகள் திரும்பிப் போயின. கழுவியா கொடுத்தேன்? இல்லை.

டிசம்பர் 4, திங்கள்

கூட்டம். வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் பேசலாமாம், நான் பின்வரிசை. சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மரத்தை எடுக்க வேண்டும் என்று இருபத்தாறு. இருக்கட்டும் என்று மூன்று. ஒரு வீட்டுக்காரர் வரவில்லை. மே மாதம் முதல் தேதி கெடு. டில்லிங்ஹாம் எண்ணிக்கையை வாசித்தபோது என் பக்கமே திரும்பவில்லை.

லொரெய்ன் வீடு வரும் வரை அழுதாள். சீட்டாட்டக் கூட்டம் போனதற்கா, எனக்காகவா, தெரியவில்லை. கேட்கவில்லை.

டிசம்பர் 6, புதன்

மூன்றில் ஒன்று என் மகன். ஒன்று மிஸஸ் ஹேகன். மூன்றாவது யார்? தெருவில் போகிற ஒவ்வொருவன் முகத்தையும் பார்க்கிறேன். இந்த ஒரு சீட்டினால் யாரையும் மனசாரத் திட்ட முடியாமல் போய்விட்டது. பெரிய தொந்தரவு.

டிசம்பர் 16, சனி

கெஸ்லரிடம் காலை வணக்கம் சொல்லிப் பார்த்தேன். உம் என்றான். அவன் இல்லை.

1962 ஜனவரி 21, ஞாயிறு

பனி. நூவர்க்கில் பஸ்குவாலே அந்த அறைக்கு வெள்ளையடித்துவிட்டானாம். கடிதம் எழுதியிருந்தான். நான்தான் படித்தேன், இந்த முறை யாரும் மின்சாரக் கட்டணம் என்று சொல்லவில்லை. எழுத்துப் பிழை நிறைய. என் மகனுக்கு என் அளவுகூட வரவில்லை.

மார்ச் 10, சனி

செவ்வாய்க்கிழமை மிஸஸ் ஹேகன் குப்பைத்தொட்டி கழுவும்போது பனியில் நின்று பேசினோம். வீட்டுக்குப் பின்னால் வைத்தால் சாலைக்குத் தெரியாதே என்றாள். எங்கள் பின்புறம் வடக்குப் பார்த்தது, வீட்டு நிழல் விழும், அத்தி காய்க்காது என்றேன். அவள் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “எங்க வீடு தெரு வளையிற இடத்துல திரும்பி இருக்கு, பின்பக்கம் நாள் முழுக்க வெயில்” என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். நாலு நாள் ஆயிற்று. அடுத்த வீட்டுப் பின்புறத்தில் மரம் வைப்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழியைப் பற்றியும் கிடையாது. இத்தனை தடிமன் புத்தகம் எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை.

ஏப்ரல் 14, சனி

மரத்தை எழுப்பினோம். பட்டை பச்சையாக இருக்கிறது. மீதி வேரையும் மண்ணோடு வெட்டி எடுத்து, சாக்கில் கட்டி, பலகையின் மேல் இழுத்துப் பதினாலாம் எண்ணின் பின்பக்கம் கொண்டுபோனோம். ஹேகன் இந்த வாரம் ஊரில் இருந்தான். நல்ல பலசாலி, பேச்சுக் கிடையாது. அவன் விற்கிற தையல் இயந்திரம் எப்படித்தான் விற்கிறதோ. கரோல் தண்ணீர் ஊற்றினாள். இந்த வருஷம் காய்க்காது. பிழைத்தாலே பெரிய விஷயம்.

லொரெய்ன் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அந்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டுமா என்றாள். இரண்டு கோடையாவது நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றேன். சரி, அப்படியானால் இப்போது வரவில்லை என்று பஸ்குவாலேவுக்கு எழுதிவிடுங்கள் என்றாள். எழுதினேன். ஒரு பக்கம்.

ஏப்ரல் 19, வியாழன்

மகன் குழியை மூட மண் அள்ள வந்தான். வேண்டாம், இரு என்றேன்.

ஏப்ரல் 28, சனி

ஒரு பக்கத்தைச் சாய்வாக வெட்டிப் படி வைத்தேன். பன்னிரண்டு படி, ஒவ்வொன்றும் நாலு அங்குல உயரம், பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கழி. உள்ளே இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு. மேலே கனமான பலகை, உள்ளேயிருந்தும் இழுத்து மூடுகிற மாதிரி. எனக்குத் தெரியும், நாலடி மணல் குழி குண்டுக்குக் காகிதம் மாதிரி. மிஸஸ் ஹேகனிடமும் அதை மறைக்காமல் சொன்னேன். தெரியும் என்றாள். கரோல் கழியைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். அம்மாவும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேலே நின்றேன்.

டில்லிங்ஹாம் புல்வெட்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

“மரந்தான் போயிடுச்சே, இது எதுக்கு?”

“மரத்துக்குத்தான்” என்றேன்.

என் முகத்தையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். நாளை பணியாரம் வரலாம். வந்தால் உப்புப் போடச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 29, ஞாயிறு

காலை எட்டரை மணி. மரத்துக்குத் தண்ணீர் விடப் போனேன். பதினாலாம் எண்ணில் இன்னும் ஜன்னல் திரையை விலக்கவில்லை, இயந்திரச் சத்தமும் இல்லை. வெயில் ஏறியாயிற்று, இன்னும் தூங்குகிறார்கள்.

சோம்பேறிகள்.